1:24-ஆ, 1:25-ஆ? மாடல் கார் கிட் வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

பெட்டி மேல கார் படம் இருக்கும். திறந்தா உள்ளே இருப்பது பிளாஸ்டிக் துண்டுகள்தான். வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து நாமே காரை உருவாக்கணும். இதுதான் ஸ்கேல் மாடல் கிட்.

அது என்ன 1:24?

நிஜ காரின் அளவில் 24-ல் ஒரு பங்கு என்று அர்த்தம். 4.8 மீட்டர் நீளமுள்ள கார், 1:24-ல் 20 செ.மீ. இருக்கும். 1:25-ல் 19.2 செ.மீ.

ஏன் இரண்டு அளவு?

அமெரிக்காவின் ஏ.எம்.டி நிறுவனம், முதலில் கார் ஷோரூம்களுக்கு 1:25 அளவில் விளம்பர மாடல்கள் செய்து கொடுத்தது. 1958-ல் கார் கிட் விற்கத் தொடங்கியபோதும் அதே அளவு தொடர்ந்தது. ஜப்பானின் டாமியா கார்களும், இத்தாலியின் இத்தாலேரி ட்ரக்குகளும் பெரும்பாலும் 1:24-ல் வருகின்றன.

இதில் என்ன சிக்கல்?

ஒண்ணுதானே வித்தியாசம்னு நினைக்காதீங்க. 12 மீட்டர் டிரெய்லர் 1:24-ல் 50 செ.மீ., 1:25-ல் 48 செ.மீ. ஒரு அளவில் ட்ரக், இன்னொரு அளவில் டிரெய்லர் வாங்கினா ஜோடி சேராது. சக்கரம், இன்ஜினை மாற்றிப் போடுறவங்களுக்கும் இதே தலைவலிதான். காசு வீண்!

ஒட்டும் முன் கவனம்

இதற்கான பசை பிளாஸ்டிக்கையே கரைத்து இணைக்கும். காய்ந்த பிறகு பிரிப்பது கஷ்டம். அதனால் பசை தடவாமல் முதலில் பொருத்திப் பாருங்க. அதன் நெடி ஆகாது, ஜன்னலைத் திறந்து வையுங்க.

அடுத்த முறை கிட் வாங்கும்போது, கார் படத்துக்கு முன்னாடி அந்த எண்ணைப் பாருங்க!