இயங்குதளத் தரமிறக்கம்

கணினியில் உள்ள இயங்குதளத்தை நீக்கிவிட்டு அதற்கு முந்தைய பதிப்பை நிறுவுவது இயங்குதளத் தரமிறக்கம் எனப்படும், பேச்சுவழக்கில் டவுன்கிரேடு. புதிய பதிப்பில் கணினி மந்தமாவது, பழைய பிரிண்டரோ ஸ்கேனரோ வேலை செய்யாமல் போவது, பிழைப்புக்கு வேண்டிய மென்பொருள் திறக்க மறுப்பது ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். ஏராளமான பயனர்கள் ஒரே காலத்தில் இந்த முடிவை எடுக்க நேர்ந்தது, 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோதுதான்.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று வெளியானது. விஸ்டா பொதுமக்களுக்குக் கிடைத்தது 2007 ஜனவரி 30 அன்று. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் மென்பொருள், டிரைவர், பயனர் பழக்கம் எல்லாமே எக்ஸ்பியில் ஊறிவிட்டன. எக்ஸ்பிக்குக் குறைந்தபட்சம் 64 எம்பி நினைவகம் போதும். விஸ்டா 512 எம்பி கேட்டது. கண்ணாடி போன்ற அதன் ஏரோ தோற்றத்துக்கு 1 ஜிபி வேண்டும். ஏரோவைக் காட்ட முடியாத கணினிகளிலும் 'விஸ்டா கேப்பபிள்' ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. இதை எதிர்த்து அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் மீது வழக்கே தொடரப்பட்டது. கிராஃபிக்ஸ் டிரைவர்களின் அமைப்பு முறை அடியோடு மாறியதால் பழைய கார்டுகள் தடுமாறின. போதாக்குறைக்கு, எதைத் தொட்டாலும் திரையை மங்கச் செய்து அனுமதி கேட்கும் யூஏசி என்ற பாதுகாப்பு வசதி.

அதிருப்தி விரைவில் வெளிப்பட்டது. டெல் நிறுவனம் 2007 ஏப்ரலில் சில வீட்டுக் கணினிகளில் எக்ஸ்பியை மீண்டும் தரத் தொடங்கியது. எக்ஸ்பியைக் காப்பாற்றக் கோரி இன்ஃபோவேர்ல்டு இதழ் நடத்திய இயக்கத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். ஆனாலும் பெரிய கணினி நிறுவனங்களுக்கு எக்ஸ்பி வழங்குவதை மைக்ரோசாஃப்ட் 2008 ஜூன் 30-உடன் முடித்துக்கொண்டது. நெட்புக் எனப்பட்ட சிறு லேப்டாப்களுக்கு மட்டும் விலக்கு. விஸ்டாவைச் சுமக்கும் தெம்பு அவற்றுக்கு இல்லை.

பழைய பதிப்புக்குத் திரும்ப உரிமம் இடம்தர வேண்டும். கணினியுடன் வந்த விஸ்டா பிசினஸ், அல்டிமேட் பதிப்புகளுக்கு மட்டுமே எக்ஸ்பி புரொஃபெஷனலுக்கு இறங்கும் உரிமை இருந்தது. ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம் வாங்கியவர்கள் எக்ஸ்பியைத் தனியாக விலைகொடுத்து வாங்க வேண்டும்.

உரிமம் இருந்தாலும் நிறுவல் சுலபமாக இல்லை. அக்காலத்துப் புதிய லேப்டாப்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் ஏஎச்சிஐ என்ற புதிய முறையில் இயங்கியது. எக்ஸ்பி சிடியில் அதற்கான டிரைவர் கிடையாது. சிடியைப் போட்டு நிறுவத் தொடங்கினால், ஹார்டு டிஸ்க்கே இல்லை என்று நிறுவி கைவிரிக்கும். அல்லது நீலத்திரை வந்து நிற்கும். பயாஸில் நுழைந்து பழைய ஐடிஇ முறைக்கு மாற்றுவது ஒரு வழி. மற்றொன்று, தொடக்கத்திலேயே எஃப்6 விசையை அழுத்தி டிரைவரை ஃபிளாப்பியிலிருந்து தருவது. பெரும்பாலான லேப்டாப்களில் ஃபிளாப்பி டிரைவ் மறைந்துவிட்ட காலம் அது! இதைத் தாண்டினாலும் ஒலி, வைஃபை, கிராஃபிக்ஸ் ஆகியவற்றுக்கு அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கான எக்ஸ்பி டிரைவர்கள் வேண்டும். இருப்பதை அழிக்கும் முன்பே அவற்றைத் தேடி பென்டிரைவில் எடுத்துவைத்தவர்கள் தப்பித்தார்கள்.

அன்றைய முடிவு சரியா? 512 எம்பி கணினியில் எக்ஸ்பிக்குத் திரும்பியது சரியே. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன. ஆகவே பாதுகாப்பில் பெரிய இழப்பு நேரவில்லை. பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கரையும் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள்களையும் நம்பியிருந்த டிடிபி நிலையங்கள் எக்ஸ்பியை விட்டு நகராததும் இதே கணக்கில்தான். ஆனால் 2 ஜிபி நினைவகத்துடன் புதுக் கணினி வாங்கியவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். விஸ்டாவுக்கு 2008-ல் வந்த முதல் சர்வீஸ் பேக் பல குறைகளைச் சரிசெய்தது. தவறு செய்தவர்கள், 2014-க்குப் பிறகும் எக்ஸ்பியிலேயே இணையத்தில் உலவியவர்கள். 2017 மே மாதம் வன்னாகிரை என்ற தீநிரல் தாக்கியபோது, ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

ஆப்பிளின் மேக் கணினிகளில் கட்டுப்பாடு வேறு மாதிரி. ஒரு மேக் எந்தப் பதிப்புடன் விற்பனைக்கு வந்ததோ, பொதுவாக அதற்குக் கீழே இறங்க முடியாது. 2019-ல் வந்த கேட்டலினா பதிப்பு 32-பிட் மென்பொருள்களைக் கைவிட்டதால், அவற்றை நம்பியிருந்தவர்களில் பலர் அதற்கு முந்தைய மொஜாவேயிலேயே தங்கிவிட்டனர்.

விண்டோஸ் 10-க்குப் பின் தரமிறக்கம் எளிதாகிவிட்டது. மேம்படுத்தும்போது பழைய பதிப்பு வட்டிலேயே ஒரு கோப்புறையில் பத்திரமாக இருக்கும். செட்டிங்ஸ் வழியாகத் திரும்பிவிடலாம். 2015-ல் இதற்கு 30 நாள் அவகாசம் இருந்தது. 2016-ல் 10 நாளாகக் குறைந்தது. விண்டோஸ் 11-லும் அதுவே. அவகாசம் முடிந்தால் அந்தக் கோப்புறை அழிக்கப்படும். பின்னர் வட்டைத் துடைத்துப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். கோப்புகளைத் தனி டிரைவில் நகலெடுக்காமல் அதில் இறங்கக்கூடாது. 11-லிருந்து 10-க்குத் திரும்ப நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, வீட்டுப் பயனர்களுக்கான நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும்.