ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயம்

அரியலூர் மாவட்டம், திருமானூர் ஒன்றியத்தில், கொள்ளிடம் ஆற்றின் வடபுறம் உள்ள கத்தோலிக்கத் திருத்தலம். இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் (1680–1747) எழுப்பிய கோயிலாகப் போற்றப்படுகிறது. ஊருக்கு அவர் இட்ட பெயர் திருக்காவலூர்.

ஆலயம் இந்த இடத்தில் எழுந்ததற்குக் காரணம் அந்த ஆறுதான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை மராட்டியர் ஆட்சி நடந்தது. வடக்கே அரியலூர் மழவராயர்களின் பாளையம். தஞ்சை மன்னர் சகசி காலத்தில், 1701இல், கிறிஸ்தவர்கள் கடும் ஒடுக்குமுறைக்கு ஆளானார்கள். ஆற்றைத் தாண்டி வடகரைக்கு வந்துவிட்டால் தஞ்சையின் அதிகாரம் எட்டாது. மாதாவை அடைக்கலம் தருபவளாக இங்கே வணங்குவதை இந்தப் பின்னணியோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

இயேசு சபையின் மதுரை மிஷனுக்கு வந்த வீரமாமுனிவர் இரண்டு மாதா கோயில்களால் நினைக்கப்படுகிறார். ஒன்று விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் உள்ள பெரியநாயகி ஆலயம், மற்றது இது. ஏலாக்குறிச்சியில் வேதியர்களுக்கு (கிறிஸ்தவ உபதேசியார்களுக்கு) தமிழ் கற்பிக்கும் பள்ளியையும் அவர் நடத்தியதாகச் சொல்வார்கள். இத்தலத்து மாதாவின் மேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். கட்டிய துறவியே தன் கோயிலுக்குச் சிற்றிலக்கியமும் பாடியது அரிய பேறு. சைவ, வைணவத் தலங்களுக்குக் கலம்பகமும் அந்தாதியும் எழுந்த அதே முறையில், கொள்ளிடக்கரைக் கிறிஸ்தவத் தலம் ஒன்று தமிழ் இலக்கிய மரபுக்குள் இடம்பிடித்தது.

அரியலூர் அரசர் அரங்கப்ப மழவராயருக்கு வந்த ராஜபிளவை என்னும் கட்டி மாதா அருளால் ஆறியதாகவும், நன்றிக்கடனாக அவர் கோயிலுக்கு நிலம் எழுதிவைத்ததாகவும் தலவரலாறு கூறும். கொடையைக் குறிக்கும் கல்வெட்டின் ஆண்டு 1763 என்பர். அப்படியானால் அது முனிவர் மறைந்து 16 ஆண்டு கழித்து நட்ட கல். நோய் தீர்ந்த கதையையும் கல் நட்ட காலத்தையும் ஒரே நிகழ்ச்சியாக்காமல் தனித்தனியே படிப்பதே சரி.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் இப்பகுதிப் பங்குகள் பாரிஸ் மிஷன் குருக்கள் பொறுப்பில் வந்தன. 1899இல் புதுச்சேரியிலிருந்து பிரிந்து கும்பகோணம் மறைமாவட்டம் உருவானது. ஏலாக்குறிச்சி இன்று அதைச் சேர்ந்தது.

பழைய கோயிலின் வரலாற்றைச் சுவரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கலம்பகம், கல்வெட்டு, இயேசு சபையார் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் மூன்றையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். திருப்பணி செய்வோர் சுண்ணாம்புப் பூச்சைப் பெயர்க்குமுன் பழைய பகுதிகளை அளந்து, படமெடுத்து, கல்வெட்டைப் படியெடுத்து வைக்க வேண்டும்.