வண்டியைச் சுமக்கும் வண்டி

2006-ஆம் ஆண்டு. செம்பூரில் முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய என் சித்தப்பா, ரிட்டயர் ஆனதும் திருநெல்வேலிக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார். பாத்திரம் பண்டம், கட்டில், பீரோ எல்லாம் ஒரு லாரியில் போயிற்று. மிச்சம் இருந்தது அவருடைய வெள்ளை மாருதி 800. பாதி விலைக்கு இங்கேயே தள்ளிவிட அவருக்கு மனசு வரவில்லை. ஓர் ஏஜண்ட் வந்தார். "ட்ரெய்லர்ல ஏத்தி அனுப்பிடறோம் சார், ஒரு கீறல் விழாது" என்றார். பணத்தை வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்தார்.

பன்னிரண்டாம் நாள் வண்டி பாளையங்கோட்டை வீட்டு வாசலில் நின்றது. சொன்னபடி கீறல் இல்லை. கழுவித் துடைத்துக்கூட வைத்திருந்தார்கள். ஆனால் மீட்டரில் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கூடியிருந்தது. சீட்டுக்கு அடியில் வேர்க்கடலைத் தோலும் ஒரு டோல் ரசீதும் கிடந்தன. சித்தப்பா அன்று ராத்திரியே போன் பண்ணினார்: "ஏலே, வண்டி தன்னைத்தானே சொமந்துக்கிட்டு வந்திருக்குலே!"

அப்போது சிரித்தோம். பின்னால் யோசித்துப் பார்த்தால், ட்ரெய்லர் வாடகையை வாங்கிக்கொண்டு அப்படிச் செய்ததுதான் ஏஜண்டின் தப்பு. மற்றபடி இந்த நாட்டில் புது வண்டிகள் ஊர் விட்டு ஊர் போன பழைய முறையே அதுதான். தொழிற்சாலையில் தயாரான லாரி சேசிஸைக் கதவு, கூரை எதுவும் இல்லாமல், ஒரு மரப் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் போகும் டிரைவர்களை நம்மில் பலர் நெடுஞ்சாலையில் பார்த்திருப்போம். இவர்களுக்குக் கான்வாய் டிரைவர்கள் என்று பெயர். ஜாம்ஷெட்பூரில் டெல்கோ கம்பெனியின் லாரிகளை இப்படி ஓட்டிச் சென்றவர்களின் சங்கம், தங்களைக் கம்பெனியின் நிரந்தரத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று கேட்டது. இவர்கள் தொழிலாளர்களே அல்ல என்று சொல்லி, பீகார் அரசு தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவே மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அவர்கள் தொழிலாளர்களா இல்லையா என்பதைத் தீர்ப்பாயம்தான் முடிவு செய்ய வேண்டும், அரசு அல்ல என்று 1989-இல் தீர்ப்பு வந்தது. கம்பெனியின் லாரியை ஓட்டுகிறவன் கம்பெனிக்காரனா என்கிற சின்னக் கேள்வியைக் கேட்க வைப்பதற்கே அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது.

என் கேள்வி அதற்கு அடுத்தது. இன்னொருவர் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிற டிரைவர், தனக்கென்று ஒரு வண்டி வாங்கி, அதில் இன்னொருவர் வண்டியை ஏற்றிக்கொண்டு போகிற முதலாளியாக மாற எது குறுக்கே நின்றது? தொழில் தெரியாததா? இல்லை. மும்பைக்கு வந்த நம்மவர்களில் கியர் பாக்ஸின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லக்கூடியவர்கள் தாராவியில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. வாடிக்கையாளர் இல்லாததா? அதுவும் இல்லை. குறுக்கே நின்றவை இரண்டு: ஒன்று காகிதம், இன்னொன்று கடன்.

முதலில் காகிதம். 1930-களில் பஸ்ஸும் லாரியும் ரயிலின் வருமானத்தைத் தின்கின்றன என்று அரசுக்குக் கவலை வந்துவிட்டது. மிட்சல், கிர்க்னெஸ் என்ற இரு அதிகாரிகளின் அறிக்கை 1933-இல் வந்தது. 1937-இல் வெட்ஜ்வுட் கமிட்டியின் அறிக்கை. இவற்றின் வழியாக வந்ததுதான் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். சரக்கு வண்டி ஓட்டப் பெர்மிட் வேண்டும். பெர்மிட் தருவதும் தராததும் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் விருப்பம். அந்தக் காலத்து லாரிகளின் நெற்றியில் 'பப்ளிக் கேரியர்' என்று எழுதியிருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? கூலிக்கு ஊரார் சரக்கை ஏற்றலாம் என்பதற்கு அதுவே அடையாளம். பெர்மிட் கையில் இருந்தவருக்கு வண்டியைவிடப் பெர்மிட்டே பெரிய சொத்து. மாநில எல்லை தாண்டுவது தனிப் பாடு. 1975-இல் தேசிய பெர்மிட் வந்த பிறகுதான் ஒரே தாளில் பல மாநிலங்களைக் கடப்பது சாத்தியமாயிற்று. 1988-இல் இயற்றப்பட்டு 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய மோட்டார் வாகனச் சட்டம் பப்ளிக் கேரியர், பிரைவேட் கேரியர் என்ற பாகுபாட்டையே எடுத்துவிட்டது. நெற்றியில் இருந்த எழுத்தும் 'குட்ஸ் கேரியர்' என்று மாறிற்று.

அந்தப் புதிய சட்டத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. சின்ன வண்டிக்காரரின் பிழைப்பு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஒன்று 3,000. மொத்த எடை, அதாவது வண்டியும் சுமையும் சேர்ந்து, 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே தேவையில்லை. மற்றது 7,500. மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ளது 'இலகு ரக வாகனம்'.

இந்த இடத்தில் மும்பையின் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே சின்னச் சரக்கு வண்டி எதுவானாலும் அதற்கு 'டெம்போ' என்றுதான் பெயர். அது ஒரு ஜெர்மன் வண்டியின் பெயர். அந்தக் கம்பெனியின் உரிமத்தோடு 1958-இல் பஜாஜ் டெம்போ தொடங்கி மூன்று சக்கர வண்டிகளை ஓடவிட்டது. மூன்று சக்கரம் மறைந்தும் பெயர் நின்றுவிட்டது. 2005-இல் அந்தக் கம்பெனியே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது; தாராவிக்காரர்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

அதே 2005-இல்தான் டாடா ஏஸ் வந்தது. ஊரில் 'குட்டி யானை', இங்கே 'சோட்டா ஹாத்தி'. 3,000 கிலோ எல்லைக்குள் அடங்கியதால் பெர்மிட் தொந்தரவு இல்லை. நேற்று வரை கூலிக்கு வண்டி ஓட்டிய பலர் இதை வாங்கித்தான் சொந்தக்காரர் ஆனார்கள். ஆனால் காரைச் சுமக்க இது உதவாது. காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். ஏஸின் சுமைத் திறன் 750 கிலோ. மாருதி 800-இன் எடை சுமார் 650 கிலோ. எடையில் சரிதான். ஆனால் ஏஸின் பின்தட்டு ஏறக்குறைய 7 அடி. மாருதியோ 11 அடி நீளம். சின்னக் கார்களில் சின்னக் காரே குட்டி யானை முதுகில் கொள்ளாது. இரண்டு மோட்டார் சைக்கிள் ஏற்றலாம், அவ்வளவுதான்.

காருக்கு அடுத்த படியில் உள்ள வண்டி வேண்டும். 1986-இல் வந்த டாடா 407-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான சேசிஸில், பக்கப் பலகை இல்லாத தட்டையான இரும்புத் தளம்; பின்னால் சரிவாக இறக்கும் இரண்டு தண்டவாளம்; கம்பி வடத்தால் இழுக்க ஒரு வின்ச். ஒரு காரை ஏற்றிச் சக்கரங்களைப் பட்டையால் கட்டிவிடலாம். தளத்தை இப்படி மாற்றினால் அது ஆர்.சி. புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் விபத்தின்போது இன்ஷூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் கேட்பார். இந்த ரக வண்டி 3,000-ஐத் தாண்டிவிடுகிறது, ஆகவே பெர்மிட் வேண்டும். பழுதான வண்டியைப் பத்திரமான இடத்துக்கு இழுப்பதற்கு மட்டும் பயன்படுகிற வண்டிக்குச் சட்டமே விலக்கு தந்திருக்கிறது. ஓடுகிற காரை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த விலக்கில் வராது. இந்த வித்தியாசம் தெரியாமல் செக்போஸ்ட்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

7,500-இன் கதை இதைவிட நீளம். இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் இந்த எடைக்குள் உள்ள சரக்கு வண்டியை ஓட்டலாமா, அல்லது 'டிரான்ஸ்போர்ட்' என்று தனியாக ஒப்புதல் வேண்டுமா? விபத்து நடந்தால் இந்த ஒரு காரணத்தைச் சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் தர மறுத்துவந்தன. ஒரே வண்டியை நம்பி வாழ்கிற குடும்பத்துக்கு அந்த மறுப்பு என்றால் வண்டியும் போய், வீடும் போவது. 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில், தனி ஒப்புதல் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனிகள் விடவில்லை. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதையே உறுதி செய்தது. அமெரிக்காவில் பிக்அப் வண்டியின் பின்னால் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு இதே தொழிலைத் தொடங்குகிறவர்களுக்கும் இப்படி ஓர் எண் உண்டு: 26,001 பவுண்டு. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த எடை அதை எட்டி, ட்ரெய்லர் மட்டுமே 10,000 பவுண்டைத் தாண்டினால் வணிக ஓட்டுநர் லைசென்ஸ் இல்லாமல் நகர முடியாது. நம் நாட்டில் பிக்அப்பும் ட்ரெய்லருமாகக் கார் சுமக்கிற வழக்கம் பரவவில்லை. இங்கே ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். நம் கிராமத்து டிராக்டர்காரர் அறிந்த சங்கதிதான்.

இனி கடன். 1969-இல் 14 வங்கிகள் தேசியமயமானபின் வந்த முன்னுரிமைக் கடன் பட்டியலில் சிறு சாலைப் போக்குவரத்துக்காரர்களும் இருந்தார்கள். தாளில் இருந்தார்கள். வங்கி மேனேஜர் கேட்கிற சம்பளச் சான்றும் சொத்துப் பத்திரமும் ஒரு டிரைவரிடம் எங்கே இருக்கும்? அவரிடம் இருந்தது மனைவியின் நகையும், ஏலச் சீட்டும். தாராவியிலும் சரி, மாட்டுங்காவிலும் சரி, சீட்டு எடுத்துத்தானே நம்மவர்கள் கல்யாணமும் செய்தார்கள், கடையும் வைத்தார்கள்! அந்தச் சீட்டுத் தொழிலிலிருந்தே ஒரு வழி பிறந்தது. சென்னையில் ஆர். தியாகராஜனும் நண்பர்களும் 1974-இல் ஸ்ரீராம் சிட்ஸைத் தொடங்கினார்கள். 1979-இல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ். வங்கிகள் தொடவே அஞ்சிய பழைய லாரிக்கு, அதை ஓட்டிய டிரைவரையே நம்பிக் கடன் கொடுத்தார்கள். பிற்காலத்தில் அதன் தலைமை அலுவலகம் நம் தாராவியை ஒட்டிய பாந்திரா-குர்லா வளாகத்திலேயே இருந்தது. 2022-இல் ஸ்ரீராம் ஃபைனான்ஸ் என்று ஒன்றாகிவிட்டது. வட்டி வங்கியைவிடக் கூடுதல் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வங்கி கொடுக்காத கடனின் வட்டி எவ்வளவு குறைவாக இருந்து என்ன பயன்?

காகிதமும் கடனும் கிடைத்துவிட்டால் மூன்றாவதாக ஒன்று காத்திருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கிற ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டேன். "போறது கஷ்டமில்லண்ணே, வெறும் வண்டியா திரும்பி வர்றதுதான் கஷ்டம்" என்றார். ரிட்டர்ன் லோடு! பெரிய கம்பெனிகளுக்கு இது எளிது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் தயாராகிறது. இந்தப் பக்கம் புனே அருகே சாக்கன், பிம்ப்ரி. தெற்கே செய்த காரை மும்பைக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, புனேயில் செய்த காரைத் தெற்கே ஏற்றிப் போகலாம். போதாததற்கு ரயிலும் வந்துவிட்டது. காஞ்சிபுரம் பக்கத்து வாலாஜாபாத் ஸ்டேஷனில் ரயில் ரயிலாகக் கார்கள் ஏறுகின்றன. லாரியிடமிருந்து ரயிலைக் காப்பாற்ற 1939-இல் சட்டம் போட்டார்கள். இப்போது லாரிக்காரரின் சரக்கை ரயில் எடுத்துக்கொள்கிறது.

ஒற்றை வண்டிக்காரருக்கு மிஞ்சுவது ஒற்றைக் கார்கள்தான்: ரிட்டயர் ஆகி ஊர் போகிறவர், மாற்றலாகிப் போகிற வங்கி ஊழியர், பழைய கார் வியாபாரி. 2021-இல் வந்த பி.எச். வரிசைப் பதிவு, மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள கம்பெனி ஊழியர்களுக்கும் மறுபதிவுச் சிரமத்தைக் குறைத்திருக்கிறது. மற்றவர்கள் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டி தங்கினால் அங்கே மறுபதிவு கட்டாயம்.

வண்டியைக் கொடுத்தனுப்புகிற நம் குடும்பங்களுக்கு முக்கியமான சங்கதி ஒன்றும் உண்டு. 1865-ஆம் ஆண்டு கேரியர்ஸ் சட்டப்படி, சரக்கு சேதமானால் சுமந்தவரின் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. அதன் இடத்துக்கு 2007-இல் இயற்றப்பட்ட சாலைவழிச் சரக்குச் சட்டம் 2011 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிரூபிக்கும் சுமை இதிலும் நம்மீது இல்லை. ஆனால் 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி சுமந்தவரின் பொறுப்பு, வாங்கிய கூலியைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். கூலி 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கார் ஆறு லட்சமே பெறுமானாலும் கைக்கு வருவது 2 லட்சம். கூடுதல் மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அதற்குரிய அதிகக் கட்டணமும் கட்டியிருந்தால்தான் மிச்சத்தைக் கேட்கலாம். வழக்குப் போடுவதற்கு முன்னால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். இந்தத் தொழில் செய்கிறவரும் பொதுச் சுமைதாரராகப் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். ரசீது வாங்கும்போது அந்தப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் அதே ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

சித்தப்பாவின் ரசீதில் மீட்டர் கணக்கு எழுதப்படவில்லை. ஏஜண்டிடம் போனில் சத்தம் போட்டதோடு சரி. வண்டி டி.என். 72 என்று மறுபதிவாகி, அங்கே வரியும் கட்டி, மேலும் ஒன்பது வருஷம் ஓடிற்று. அதை ஓட்டி வந்த டிரைவர் யார் என்று சித்தப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது. "பய நல்லா ஓட்டியிருக்காம்லே, கிளட்ச் கொஞ்சங்கூடத் தேயலை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார்.