சனிக்கிழமை இரவும் ஒரு மவுத் ஆர்கனும்

'வேர்' என்ற சொல்லைக் கலை விமர்சனத்தில் புழங்குகிறவர்களிடம் எனக்கு எப்போதுமே சற்று சந்தேகம் உண்டு. அசல், மண்வாசனை, கலப்பற்றது என்று பேச்சு ஆரம்பித்ததுமே யாரோ ஒருவன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறான். அமெரிக்கக் கண்ட்ரி இசையின் புகழ்பெற்ற சனிக்கிழமை இரவான 'கிராண்ட் ஓல் ஆப்ரி'யின் சரித்திரம் இந்தச் சந்தேகத்தை ஊர்ஜிதப்படுத்துகிறது. கூடவே அதைச் சிக்கலாக்கவும் செய்கிறது.

டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் 1925 அக்டோபரில் டபிள்யூ.எஸ்.எம். வானொலி நிலையம் தொடங்கியது. அதை நடத்தியது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. நிலையத்தின் மூன்று எழுத்துக்களுமே கம்பெனியின் விளம்பர வாசகத்திலிருந்து வந்தவை. வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. அவ்வருஷம் நவம்பர் 28 இரவு, அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே, 77 வயது ஜிம்மி தாம்ஸனை மைக்கின் முன் பிடில் வாசிக்கச் சொன்னார். நேயர்களிடமிருந்து வரவேற்பு குவிந்தது. சனிக்கிழமைதோறும் நிகழ்ச்சி என்று ஏற்பாடாயிற்று. வீடு வீடாகப் போய் பாலிசி விற்ற ஏஜெண்டுகளுக்கு இந்தப் பாட்டுக் கச்சேரியே அறிமுகச் சீட்டாக இருந்தது.

அசல் என்பதும் தயாரிக்கப்பட்ட சரக்குதான். ஹம்ஃப்ரி பேட் தொழிலால் டாக்டர். கோட்டு சூட்டில் வந்து வாசித்தவர். ஹே அவர் குழுவுக்கு 'பாஸம் ஹன்டர்ஸ்' என்று வேட்டைக்காரர் பெயர் சூட்டினார். பிறகு பட்டிக்காட்டு உடைகளும் வந்து சேர்ந்தன.

நிகழ்ச்சியின் பெயர் 1927 டிசம்பரில் பிறந்தது. வால்டர் டாம்ராஷ் நடத்திய சாஸ்திரீய இசை நிகழ்ச்சி முடிந்ததும் இவர்களுடைய முறை. உயர்ந்த இசையில் யதார்த்தத்துக்கு இடமில்லை என்று டாம்ராஷ் சொன்னதாகவும், இங்கே யதார்த்தம் தவிர வேறில்லை என்று ஹே பதில் கொடுத்ததாகவும் சொல்வார்கள். 'கிராண்ட் ஆப்ரா'வைக் கொச்சையாக்கி ஹே இந்தப் பெயரைச் சொன்ன அன்று, முதலில் மவுத் ஆர்கனை எடுத்தவர் டிஃபோர்ட் பெய்லி. வாசித்தது 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்', ஒரு ரயிலின் ஓட்டம். பெய்லி கறுப்பர். அடிமையாக இருந்தவரின் பேரன். போலியோவால் உடல் வளர்ச்சி குன்றியவர்.

அதே வருஷம் பதிவான இசைத்தட்டின் ஒலியைக் கேட்டிருக்கிறேன். சக்கரங்களின் தாளம் ஏறுகிறது, ஊதல் நெருங்கி விலகுகிறது. எல்லாம் ஒரே மனிதனின் மூச்சு. வானொலிக்கு முகம் கிடையாது. வாசிப்பவர் கறுப்பர் என்று தெரியாமலே தெற்கத்திய வெள்ளையர்கள் பலர் இந்த மூச்சை வீட்டுக்குள் அனுமதித்தார்கள். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனபோதோ, சக வாத்தியக்காரர்கள் தங்கிய ஹோட்டல்களில் அவருக்கு இடமில்லை.

1941-ல் அவரை வெளியேற்றினார்கள். இசைப் படைப்பாளிகளின் உரிமைச் சங்கமான ஆஸ்காப்புக்கும் வானொலி நிலையங்களுக்கும் ராயல்டித் தகராறு. சங்கத்தின் பட்டியலிலிருந்த மெட்டுக்களை வானொலியில் வாசிக்க முடியாமல் போயிற்று. பெய்லியின் பிரபல மெட்டுக்கள் அதில் அடக்கம். 1945-ல் நிகழ்ச்சியின் கதையை எழுதிய ஹே, அவர் சோம்பேறி, புதிய மெட்டுக்களைக் கற்கவில்லை என்று விஷயத்தை முடித்துவிட்டார். பெய்லி நாஷ்விலிலேயே ஷூ பாலிஷ் கடை நடத்தினார்.

1943-ல் நிகழ்ச்சி ரைமன் அரங்குக்குப் போனது. 1892-ல் மதப் பிரசங்கக் கூடமாகக் கட்டி முடிக்கப்பட்டது அது. உட்காரச் சர்ச் பெஞ்சுகள். 1897-ல் சேர்த்த மாடிக்கு, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டணியின் பெயர். 1949 ஜூனில் ஹாங்க் வில்லியம்ஸ் கூட்டத்தை மயக்கியது இங்கேதான். அவருக்கு ப்ளூஸ் கற்றுக் கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்புத் தெருப்பாடகர். பாஞ்சோவின் மூதாதையோ ஆப்பிரிக்கா.

1974-ல் புதிய அரங்குக்கு மாறியபோது ரைமன் மேடையிலிருந்து ஒரு வட்ட மரத்துண்டை வெட்டி எடுத்துப்போய்ப் பதித்தார்கள். பாடகர்கள் அதன்மேல் நிற்பதைப் பேறாகக் கருதுகிறார்கள். அவ்வருஷம் பெய்லியையும் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். 1982-ல் அவர் இறந்தார். கண்ட்ரி இசையின் கௌரவக் கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2005-ல்.

இதனால் அந்தச் சனிக்கிழமை இரவுகள் பொய் என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. வியாபாரமும் வேஷமும் சேர்ந்து அமைத்த மேடையில்தான் அந்த ரயிலும் ஓடியது. ஆனால் மரத்தைப் பெயர்த்துக் காப்பாற்றத் தெரிந்தவர்கள், அந்த மூச்சைக் கணக்கில் எடுக்க ஏன் இத்தனை வருஷம் பிடித்தது என்று கேட்காமல் வேரைப் பற்றிப் பேச முடியாது.