அசைவை எடைபோட்ட உருண்டை

கார் ஒரு பள்ளத்தில் தடாலென்று இறங்கி ஏறுகிறது. அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் இன்ஜின் நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. பேட்டரியில் குறையில்லை, டாங்கில் பெட்ரோல் இருக்கிறது, வண்டி மட்டும் கிளம்ப மறுக்கிறது. கடைசியில் விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவர் டிக்கியின் ஓரத்துணியை விலக்கி, கையை உள்ளே விட்டு ஒரு பொத்தானை அமுக்குகிறார். இன்ஜின் உடனே பிடித்துக்கொள்கிறது. 1980களிலும் 90களிலும் வந்த ஃபோர்டு கார்களை ஓட்டிய பலர் இப்படித்தான் அந்தப் பொத்தான் இருப்பதையே தெரிந்துகொண்டார்கள்.

பொத்தானுக்குக் கீழே சிப்போ கணினியோ கிடையாது. கூம்பு வடிவக் குழி ஒன்றின் அடியில், காந்தத்தின் பிடியில், கோலிக்குண்டு போல ஓர் எஃகு உருண்டை உட்கார்ந்திருக்கிறது. மோதலில் கார் சட்டென்று நிற்கும்போது உருண்டை மட்டும் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கும். அந்த உந்துதல் காந்தத்தின் பிடியை மிஞ்சினால், உருண்டை விடுபட்டுச் சரிவில் ஏறி, மேலே உள்ள தகட்டை முட்டும். மின்தொடர்பு பிரியும், பெட்ரோலைத் தள்ளும் பம்பு நிற்கும். காந்தத்தின் இழுப்பு, தூரம் கூடக் கூட மளமளவென்று குறைவது. எனவே ஒருமுறை கிளம்பிய உருண்டைக்குப் பாதி வழியில் தயக்கம் கிடையாது. கூம்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், அடி முன்னாலிருந்து விழுந்தாலும் பக்கவாட்டில் விழுந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

இதற்குத் தேவை வந்தது எரிபொருள் அமைப்பு மாறியதால். கார்புரேட்டர் காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் பம்பை இயக்கியது இன்ஜினேதான். இன்ஜின் நின்றால் பம்பும் நின்றது. ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்தபோது பம்பு மின்சாரத்துக்கு மாறியது. குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்க வேண்டும் என்பதும் கட்டாயமானது. விபத்தில் குழாய் அறுந்து, இக்னிஷன் அணையாமல் இருந்தால், கொதிக்கும் இன்ஜின் மீது பம்பு பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். இன்ஜின் சுற்றாதபோது பம்பை நிறுத்தும் ஏற்பாடு கணினியிலும் உண்டு. ஆனாலும் கணினியைக் கேட்காமல் தானே முடிவெடுக்கும் ஒரு காவல் வேண்டும் என்று பொறியாளர்கள் நினைத்தார்கள். அந்தக் காவலுக்குத்தான் உருண்டை வந்தது.

உருண்டைக்கு இந்த வேலை புதிதல்ல. கி.பி. 132இல் சீனத்தின் ஹான் அரசவையில் ஜாங் ஹெங் என்ற வானியலாளர் ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். அதன் வெளிப்புறத்தில் எட்டுத் திசைக்கு எட்டு டிராகன் தலைகள். ஒவ்வொன்றின் வாயிலும் ஓர் உருண்டை. கீழே வாயைத் திறந்தபடி எட்டுத் தேரைகள். தொலைவில் எங்காவது நிலம் நடுங்கினால், ஒரு டிராகனின் வாயிலிருந்து உருண்டை நழுவித் தேரையின் வாயில் ஓசையோடு விழும். எந்த டிராகன் என்பதை வைத்துத் திசையை அறியலாம். ஒருமுறை, தலைநகர் லோயாங்கில் யாருமே அதிர்வை உணராதபோது உருண்டை விழுந்தது என்றும், சில நாள் கழித்து மேற்கிலிருந்து நிலநடுக்கச் செய்தியோடு தூதர் வந்தார் என்றும் சீன வரலாறு சொல்கிறது. உள்ளே இருந்த இயங்குமுறை தொலைந்துவிட்டது. நின்ற தூணா, தொங்கிய ஊசலா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எதுவானாலும் ஜாங் ஹெங்கின் சிக்கல் ஒன்றுதான்: அவையில் ஆட்கள் நடக்கிறார்கள், கதவு சாத்தப்படுகிறது, வெளியே வண்டி போகிறது. இத்தனை அதிர்வுகளுக்கும் வாய் திறக்காத டிராகன், நிலநடுக்கத்துக்கு மட்டும் திறக்க வேண்டும்.

அசைவைக் கண்டுபிடிப்பது சுலபம். அசையாத பொருள் உலகத்தில் ஏது? எந்த அசைவைக் கண்டும் காணாமல் விடுவது என்பதில்தான் கண்டுபிடிப்பாளர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

1930களின் அமெரிக்காவில் அந்தச் சிக்கல் ஒரு சூதாட்டப் பெட்டிக்குள் முளைத்தது. காசு போட்டால் ஒரு குண்டு வெளியே வரும், சரிவான பலகையில் அதை ஓடவிட்டுப் புள்ளிகள் சேர்க்க வேண்டும், அதுதான் பின்பால். ஆட்டக்காரர்கள் சீக்கிரமே பெட்டியை இடித்தும் தூக்கியும் குண்டைத் தங்கள் விருப்பத்துக்கு ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ஹாரி வில்லியம்ஸ் என்ற வடிவமைப்பாளர், ஒருவர் தன்னுடைய பெட்டியின் அடிப்பாகத்தைக் கையால் தட்டித் தட்டிப் புள்ளி சேர்ப்பதைப் பார்த்துக் கொதித்துப்போய், அடியில் ஆணிகளை அறைந்துவிட்டார். பிறகு அது கொடுமை என்று தோன்றவே, சின்னப் பீடம் ஒன்றின் மேல் ஓர் உருண்டையை வைத்தார். பெட்டி அளவுக்கு மீறி ஆடினால் உருண்டை விழுந்து கீழுள்ள வளையத்தைத் தொடும்; ஆட்டம் முடிந்தது. அடுத்த வடிவில் உருண்டைக்குப் பதிலாக ஒரு வளையத்துக்குள் தொங்கும் ஊசல் வந்தது. பெட்டியின் முன்பக்கத்தை யாராவது தூக்கினால் சரிவில் உருண்டுபோய்த் தொடர்பை முட்டும் தனி உருண்டையும் சேர்ந்தது.

வில்லியம்ஸின் ஊசலில் கவனிக்க வேண்டியது, அது எல்லா இடிப்பையும் தண்டிக்கவில்லை என்பது. லேசாகத் தட்டலாம், அது ஆட்டத்திறமை. பலமாகத் தட்டினால் ஏமாற்று. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பதைப் பெட்டியின் சொந்தக்காரரே, ஊசலின் குண்டை மேலே கீழே நகர்த்தி முடிவு செய்தார். கண்டிப்பாக வைத்தால் ஆட்டக்காரர்கள் வேறு கடைக்குப் போவார்கள். தாராளமாக வைத்தால் ஒரே காசில் மணிக்கணக்காக ஆடுவார்கள்.

திருட்டு எச்சரிக்கை மணிகளிலும் இதே பேரம்தான். ஜன்னல் சட்டத்தில் பொருத்தும் ஒருவகைக் கருவியில், தங்கமுலாம் பூசிய ஓர் உருண்டை இரண்டு மின்முனைகளின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். கடப்பாரையின் அடி விழுந்தால் ஒரு கணம் துள்ளும், சுற்று அறுபடும். தங்கமுலாம் பகட்டுக்காக அல்ல. துரு ஏறினால் தொடர்பு கெட்டு, திருடன் இல்லாமலே மணி அடிக்கும். லாரி போனாலும் இடி இடித்தாலும் உருண்டை துள்ளத்தான் செய்யும் என்பதால், குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை துள்ளல், எவ்வளவு பெரிய துள்ளல் என்று எண்ணிப் பார்த்த பிறகே மணியை அடிக்கும் மின்சுற்றுகள் பின்னால் சேர்ந்தன. கத்திக்கொண்டே இருக்கும் மணியை அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்ப்பதில்லை. பொய் எச்சரிக்கை அதிகமானால் உண்மை எச்சரிக்கைக்கும் மதிப்புப் போய்விடும்.

திண்ம உருண்டைக்கு ஒரு திரவப் போட்டியாளரும் உண்டு. கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு துளி பாதரசம்; சாய்த்தால் ஓடிப்போய் இரண்டு கம்பிகளை இணைக்கும். தேயாது, தெறிக்காது, ஓசையும் கிடையாது. காரின் டிக்கியைத் திறந்தால் விளக்கு எரிய வைத்தது அமெரிக்கக் கார்களில் நெடுங்காலம் இந்தத் துளிதான். காரைத் திருட யாராவது ஜாக்கி வைத்துத் தூக்கினால் கத்தும் அலாரங்களிலும் அது இருந்தது. அதன் கேடு காரின் ஆயுள் முடிந்த பிறகே வெளிப்பட்டது. பழைய காரை நசுக்கி உலையில் உருக்கினால் அந்தத் துளி ஆவியாகி, மழையில் இறங்கி, நீர்நிலைக்கும் மீனுக்கும் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பிய நிறுவனங்கள் 1990களில் அதைக் கைவிட்டன. அமெரிக்க நிறுவனங்கள் 2002 வாக்கில் நிறுத்தின. 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, பெரும்பாலான பாதரச சுவிட்சுகளின் உற்பத்திக்கு 2020ஐக் கெடுவாக வைத்தது. உருண்டைக்கு அதன் இடம் மீண்டும் கிடைத்தது.

உருண்டை உயிர்காக்கும் வேலைக்கு வந்த வழி இன்னும் விசித்திரமானது. 1952இல் பென்சில்வேனியாவில் ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர் மனைவியோடும் சிறு மகளோடும் காரில் போனபோது, சாலையில் கிடந்த பாறையைத் தவிர்க்கப்போய் வண்டியைப் பள்ளத்தில் இறக்கினார். அந்தக் கணத்தில் கணவனும் மனைவியும் மகளை அணைத்தாற்போல் கையை முன்னே நீட்டினார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் கைக்குப் பதில் ஏதாவது சட்டென்று முளைத்துத் தாங்கினால் என்ன என்ற எண்ணம் ஹெட்ரிக்கை விடவில்லை. 1953 ஆகஸ்டில் காற்றுப்பைக்குக் காப்புரிமை பெற்றார். வேகம் திடீரென்று குறைவதை உணர, தன் நிலையிலிருந்து நகரும் எடை ஒன்றை அதில் வைத்திருந்தார். கார் நிறுவனங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு அதனால் பணமும் வரவில்லை. பையைக் கற்பனை செய்வது எளிதாக இருந்தது. எப்போது வெடித்து விரிய வேண்டும் என்று சொல்லும் உறுப்புத்தான் கைவசம் இல்லை.

அந்த உறுப்பைக் கொடுத்தவர் ஆலன் பிரீட். நியூ ஜெர்சிக்காரரான அவருடைய நிறுவனம் ராணுவத்துக்கு வெடிகுண்டுகளின் தூண்டிகளைச் செய்துவந்தது. குண்டு கைதவறிக் கீழே விழுந்தால் வெடிக்கக் கூடாது. பீரங்கியிலிருந்து பாய்ந்தால் உயிர் பெற வேண்டும். விழும் அதிர்ச்சியும் பாயும் அதிர்ச்சியும் வேறு வேறு என்று கண்டறிவதே தூண்டிக்காரரின் தொழில். 1960களின் இறுதியில் பிரீட் அதைக் காருக்குக் கொண்டுவந்தார். ஒரு குழாய், உள்ளே ஓர் உருண்டை, பின்னால் அதைப் பிடித்திருக்கும் காந்தம், முன்னால் மின்தொடர்பு. குழாய்க்கும் உருண்டைக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். உருண்டை முன்னேற வேண்டுமானால் முன்னால் உள்ள காற்று அந்த இடுக்கு வழியே பின்னால் போயாக வேண்டும். சுத்தியலால் அடித்ததுபோன்ற கூர்மையான, குறுகிய அடி என்றால், காற்று வழிவிடுவதற்குள் அடி முடிந்துவிடும்; உருண்டை திரும்பிவிடும். கார் சுவரில் மோதி நசுங்குவதுபோல வேகம் தொடர்ந்து குறைந்தால் மட்டுமே அது முனையைத் தொடும். அடியின் பலத்தோடு அடியின் நீளத்தையும் அளக்க வைத்தது, உருண்டையைச் சுற்றியிருந்த வெறும் காற்று.

இங்கே தவறின் விலை வேறு. எரிபொருள் சுவிட்ச் தவறாக விழுந்தால் கார் நிற்கும். பொத்தானை அமுக்கிவிட்டுப் போகலாம். காற்றுப்பை தவறாக விரிந்தால் ஓட்டுநரின் முகம் உடையக்கூடும். அதனால்தான் முன்பக்க உணரியோடு காருக்குள் இன்னொரு காவல் உணரியும் ஒத்துக்கொண்டால் மட்டும் பை வெடிக்கும் என்று வைத்தார்கள். மோதலை உணர்ந்து, முடிவெடுத்து, பை முழுதாக விரிவது வரை எல்லாம் ஒரு கண்சிமிட்டலுக்குள் முடிந்தாக வேண்டும்.

1990களில் உருண்டைக்கு வாரிசு வந்தது. அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் 1991இல் அறிவித்த ஒரு சிப்பில், சிலிக்கானிலேயே செதுக்கிய சீப்பு போன்ற அமைப்பு ஒன்று தொங்கியது. அதன் எடை ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு. அது நகரும்போது பற்களின் இடைவெளி மாறும். அதனால் மின்தேக்கம் மாறும். உருண்டை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் சொன்னது; சீப்பு எவ்வளவு, எத்தனை நேரம், எந்தப் பக்கம் என்று எண்களாகச் சொன்னது. முடிவெடுக்கும் வேலை காந்தத்திடமிருந்தும் காற்றிடமிருந்தும் நிரலுக்கு மாறியது.

உருண்டையின் உறவினர் ஒருவர் நம்மூர் பைக்குகளுக்குள்ளும் வந்துவிட்டார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்தபோது, புதிய இருசக்கர வண்டிகள் ஏறக்குறைய எல்லாம் கார்புரேட்டரிலிருந்து இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. டாங்குக்குள் மின்பம்பு வந்ததும், வண்டி சாய்ந்து விழுந்தால் அதை நிறுத்தும் உணரியும் பல மாடல்களில் கூடவே வந்தது. வளைவில் பைக் எவ்வளவு சாய்ந்தாலும் அது இன்ஜினை அணைப்பதில்லை. திரும்பும் வண்டியில் புவியீர்ப்பும் வெளித்தள்ளும் விசையும் சேர்ந்து வண்டியின் நடுக்கோட்டிலேயே விழுகின்றன. உள்ளே உள்ள ஊசலுக்கு வண்டி நேராக நிற்பதாகவே தோன்றும். விழுந்து கிடக்கும்போது மட்டும் ஊசல் பக்கவாட்டில் சாயும். சில நொடியில் பம்பும் இன்ஜினும் நிற்கும். நிமிர்த்திய பிறகு சாவியை அணைத்துப் போட்டால்தான் பல வண்டிகள் கிளம்பும். தெரியாதவர்கள் வண்டி கெட்டுவிட்டதென்று தள்ளிக்கொண்டு போவார்கள்.

2022இல் ஆப்பிள் தன் போன்களில் விபத்தை உணர்ந்து உதவிக்கு அழைக்கும் வசதியைச் சேர்த்தது. சில வாரங்களில் அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களிலிருந்து அவசர உதவி மையங்களுக்கு அழைப்புகள் வந்தன. ரோலர் கோஸ்டரில் சிரித்துக் கத்திக்கொண்டிருந்தவர்களின் பையிலிருந்த போன், அவர்கள் பெரிய விபத்தில் சிக்கியதாக முடிவு கட்டியிருந்தது. பனிச்சறுக்கு மைதானங்களிலும் அப்படியே. ஆப்பிள் மென்பொருளைத் திருத்தி அனுப்பியது.

எத்தனை அசைந்தால் விபத்து என்பதற்கு இயற்பியலில் விடை கிடையாது. தவறவிட்டால் யாருக்கு நஷ்டம், வீணாகக் கத்தினால் யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் போட்டு, யாரோ ஒருவர்தான் அந்தக் கோட்டைப் போட்டாக வேண்டும். அந்தக் கோடு காந்தத்தின் வலுவிலும் ஊசலின் உயரத்திலும் இருந்தவரை, மூடியைக் கழற்றுபவர் எவரும் அதைப் பார்க்கலாம், அளக்கலாம், சண்டை போடலாம். இப்போது அது ஒரே இரவில், நமக்குத் தெரியாமலே, மாறிவிடக்கூடிய நிரலில் இருக்கிறது. நிரல் உருண்டையைவிடக் கூர்மையானது, அதில் சந்தேகமில்லை. கோட்டை எங்கே போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று கேட்கும் உரிமை மட்டும் நம்மிடம் இருந்தாக வேண்டும்.