வியாழனின் நிலவும் சென்னையின் தீர்க்கரேகையும்

பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துறைமுகமாக்கிய 1786ஆம் ஆண்டிலேயே, கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி சென்னை எழும்பூரில் தம் சொந்தச் செலவில் வானாய்வகம் ஒன்றை அமைத்தார். சோழமண்டலக் கரைக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய கப்பல்களுக்கு, ஓர் இடம் கிழக்கு மேற்காக எங்கே அமைந்துள்ளது என்பதைக் குறிக்கும் தீர்க்கரேகை இன்றியமையாததாக இருந்தது. பூமி மணிக்கு 15 பாகை வீதம் சுழல்வதால் இரண்டு ஊர்களின் சூரிய நேர வேறுபாட்டைக் கொண்டே தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணக்கிடலாம். சென்னைக்குச் சுமார் 20 பாகை கிழக்கே, பினாங்குத் தீவிலுள்ள பாயான் பாருவில் உச்சிவேளை 80 நிமிடம் முந்தி வருவது இதனால்தான்.

தொலைவிலுள்ள ஊரின் நேரத்தை அறிய அக்காலத்தார் வியாழன் கோளை நாடினர். அதன் நிலவுகளில் ஒன்றான அயோ ஏறத்தாழ 42½ மணி நேரத்துக்கு ஒருமுறை கோளின் நிழலுக்குள் புகுகிறது. அம்மறைவு எல்லா ஊர்களுக்கும் ஒரே கணத்தில் தெரிவதால், 1767 முதல் இங்கிலாந்தில் வெளிவந்த கடலோடிகளின் பஞ்சாங்கம் அதன் கிரீனிச் நேரத்தை முன்கூட்டியே கணித்து அச்சிட்டது. ஆனால் அக்கணிப்பில் ஒளியின் வேகத்தையும் சேர்க்க வேண்டியிருந்தது. பூமி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் மறைவுகள் வரவரத் தாமதமாகத் தெரிவதைக் கண்ட வானியலாளர் ஓலே ரோமர், ஒளி நம்மை வந்தடைய நேரம் பிடிக்கிறது என்று 1676இல் பாரிஸில் அறிவித்திருந்தார். பூமியின் சுற்றுப்பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 16½ நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத் தேவைப்படுகிறது. இதில் பாதியளவு பிழை கணக்கில் புகுந்தாலும், பினாங்கு சுமார் 230 கி.மீ. கிழக்கே தள்ளிப்போய், மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரைப் பக்கமுள்ள கோத்தா பாருவின் தீர்க்கரேகைக்கு அருகில் குறிக்கப்பட்டுவிடக்கூடும்.

ஆடும் கப்பலில் தொலைநோக்கியை வியாழன்மீது நிலைநிறுத்த இயலாது என்பதால் இவ்வேலை கரையில்தான் நடந்தது. பெட்ரியின் ஆய்வகத்தை ஏற்ற கம்பெனி, மைக்கேல் டாப்பிங்கின் பொறுப்பில் 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் பிற மொழிகளுடன் தமிழிலும் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. டாப்பிங்குக்குப் பின் வந்த ஜான் கோல்டிங்ஹாம் வியாழ நிலவுகளின் மறைவுகளைக் கொண்டு கணித்த சென்னையின் தீர்க்கரேகை, 1802இல் வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண நில அளவைக்கு ஆதாரமாயிற்று.

அதே கோல்டிங்ஹாம் 1820, 1821 ஆண்டுகளில், பரங்கிமலையிலும் புனித ஜார்ஜ் கோட்டையிலும் சுட்ட பீரங்கிகளின் மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து ஒலியின் வேகத்தைக் கணித்தார். சுமார் 9 கி.மீ. தொலைவிலுள்ள மலையிலிருந்து ஒலி வர 26 வினாடி பிடித்தது. ஒளியின் தாமதமோ 0.00003 வினாடியே என்பதால் அதை அவர் விட்டுவிட முடிந்தது. வியாழனிலிருந்து வரும் ஒளிக்கு 33 முதல் 54 நிமிடம் வரை ஆவதால் அங்கே அதை விட வழியில்லை. சென்னை ஏடுகளில் பதிவானது அயோ மறைந்த நேரம் அன்று, மறைந்த செய்தி வந்து சேர்ந்த நேரமே.

மின்தந்தி வந்தபின் தீர்க்கரேகைக்கு வியாழனை நம்பும் தேவை நீங்கியது. எனினும், பாயான் பாருவில் ஒரு கைப்பேசி தன் இருப்பிடத்தைக் காட்டுவது, சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் வானொலி அலைகள், ஒளியின் வேகத்திலேயே வந்து சேர எடுக்கும் நேரத்தை அளந்துதான். கோல்டிங்ஹாமின் காலத்தில் திருத்திக் கழிக்க வேண்டிய பிழையாக இருந்த அத்தாமதமே இன்று இடத்தை அளக்கும் அளவுகோலாகியிருக்கிறது.