தலையில் துண்டும் மஞ்சள் கடுதாசியும்

காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைத்தெருவில் ஒருவர் பெருநட்டம் அடைந்துவிட்டால், 'தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்' என்று பேசுவர். 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்பதும் ஊரறிந்த சொல். நீதிமன்றத்தில் கொடுக்கும் திவால் மனுவை 'ஐ.பி.' எனச் சுருக்கி, 'ஐ.பி. கொடுத்தார்' என்பாரும் உண்டு. ஆங்கிலேயரோ இதே நிலையைச் 'சட்டையை இழந்தான்' என்பர். துணி நெய்து பிழைக்கும் ஊரில் இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது சுவையானது.

ஆங்கில வழக்கின் நாயகன் பந்தயத்திலோ ஊக வாணிபத்திலோ எல்லாவற்றையும் பணயம் வைத்தவன். இறுதியில் உடுத்திய சட்டையும் போயிற்று. நம் வழக்கிலோ துணி தலைமேல் ஏறுகிறது. கடன் கொடுத்தவர் எதிரே வந்தால் முகத்தை மறைக்க வேண்டுமே! ஆயினும், பணயம் வைத்தவன் ஒருவனாகவும் சட்டையை இழந்தவன் வேறொருவனாகவும் இருப்பதும் உண்டு.

1906 அக்டோபரில் சென்னை இதைக் கண்டது. அர்பத்நாட் கம்பெனி அன்று மாகாணத்தின் மிகப் பெரிய வணிக நிறுவனங்களுள் ஒன்று. மக்களிடம் வைப்புத்தொகை பெறும் வங்கியாகவும் நடந்தது. வெள்ளையர் பெயரே போதிய பிணை என்று நம்பி, ஓய்வு பெற்ற அலுவலரும் கைம்பெண்களும் தம் சேமிப்பை அங்கு வைத்திருந்தனர். அப்பணத்தை வைத்து லண்டனில் அதன் கூட்டாளி பாட்ரிக் மக்ஃபாடியன் ஊக வாணிபம் செய்தார். அது முறிந்தது. அக்டோபர் 20-ஆம் நாள் அவர் தற்கொலை செய்துகொண்டார். 22-ஆம் நாள் சென்னையில் கம்பெனி கதவை அடைத்தது. பந்தயம் என்றால் இன்னதென்றே அறியாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வந்தன. அடுத்த ஆண்டு சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குக் கிடைத்தது பதினெட்டு மாதக் கடுங்காவல். அக்காலத்தில் ஒரு வெள்ளைக்கார 'சர்' சிறை சென்றதே வியப்புக்குரியது. பணம் இட்டவர்களுக்கு அது என்ன ஆறுதலைத் தந்திருக்கும்?

நன்மையாக விளைந்தது ஒன்றுண்டு. முறிவுற்றோருக்காக வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்னின்று முயல, நகரத்தார் முதலீட்டின் துணையுடன் 1907 ஆகஸ்டு 15-இல் இந்தியன் வங்கி தன் பணியைத் தொடங்கியது.

மீண்டும் காஞ்சிக்கு வருவோம். பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் அமர்ந்திருப்பவர் எந்த வங்கியிலும் பெருந்தொகை இட்டவரல்லர். எந்தப் பந்தயமும் கட்டியவரல்லர். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. சரிகைக்குள் வெள்ளியும் தங்க முலாமும் இருப்பதால், உலகச் சந்தையில் அவ்வுலோகங்களின் விலை ஏறும்போதெல்லாம் சேலையின் அடக்க விலையும் ஏறுகிறது. முன்பே பேசிய விலைக்குச் சேலை கொடுக்க வேண்டிய முதலாளிக்கு இலாபம் சுருங்கும். அடுத்த பாவு தருவதை அவர் தள்ளிப்போடுவார். பாவு வராத நாட்களில் நெசவாளிக்குக் கூலி ஏது?

வீட்டுச் செலவுக்கு அவர் முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார். யாத்திராகமத்தின் 22-ஆம் அதிகாரம், பிறனுடைய மேலாடையை அடகாகப் பெற்றவன் கதிரவன் மறையுமுன் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று கட்டளையிடுகிறது. இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறு துணி இல்லை என்பதே காரணம். காஞ்சியில் அடகாக நின்றது ஆடையன்று, நெய்பவரின் உழைப்பு. வேறு முதலாளியின் தறிக்குப் போக விரும்பினால் பழைய முன்பணத்தை முதலில் அடைக்க வேண்டும். தந்தை அடைக்க முடியாத தொகைக்காகப் பிள்ளைகள் சிறு வயதிலேயே தறியடியில் உட்கார்ந்ததும் இவ்வூர் வரலாற்றில் உண்டு. அவர்கள் கையால் நெய்த பட்டை அவர்களுடைய வீட்டுப் பெண்கள் திருமண நாளில்கூட உடுத்தியது அரிது.